பேப்பரில் போடலாம், பேனரில் போடக்கூடாது

ஸ்டாக் ஏஜென்சிக்கு, அதாவது நம் படங்களைச் சேர்த்துவைத்துக் கேட்பவர்களுக்கு லைசென்ஸ் விற்கும் நிறுவனத்துக்கு, படம் ஏற்றுகிறவர்கள் கேப்ஷனுக்கும் கீவேர்டுக்கும் நிறைய மெனக்கெடுவார்கள். அதே பக்கத்தில் இன்னொரு பகுதி இருக்கும், அதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கையெழுத்து வாங்கியாயிற்றா, யாருடைய சொத்தாவது தெரிகிறதா என்று கேட்கும் பகுதி. அதற்கடுத்து, இந்தப் படத்தை எதற்கெல்லாம் விற்கக்கூடாது என்று நாம் சொல்வதற்குச் சில கட்டங்கள். எடிட்டோரியலுக்கு, அதாவது செய்தி, கட்டுரை, புத்தகம் போன்றவற்றுக்கு மட்டும். விளம்பரத்துக்கு வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வேண்டாம். இன்ன நாட்டில் வேண்டாம். எல்லா ஏஜென்சியிலும் எல்லாக் கட்டமும் இருக்காது. இருக்கிற இடத்தில் டிக் போடுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு.

"அண்ணே, அதுல டிக் போட்டா சேல்ஸ் படுத்துருமாமே?" என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் கேட்கிறார்கள். குறையும், சந்தேகமே இல்லை. இருந்தாலும் முகம் அடையாளம் தெரிகிற என் படங்கள் அத்தனையிலும் நான் டிக் போடுகிறேன். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் லைசென்ஸ் வகையைச் சொல்லிவிடுகிறேன். ரைட்ஸ் மேனேஜ்டு, ராயல்டி ஃப்ரீ என்று இரண்டு உண்டு. ரைட்ஸ் மேனேஜ்டு என்பது வீட்டை வாடகைக்கு விடுவது மாதிரி. யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், எத்தனை மாதம் என்று பேசித்தான் சாவியைக் கொடுப்போம். பத்திரிகையின் உள்பக்கத்தில் கால் பக்கம், இத்தனை பிரதி, இந்தியாவில் மட்டும், ஒரு வருடம் என்றால் ஒரு விலை. அட்டையில் வேண்டும் என்றால் வேறு விலை. ராயல்டி ஃப்ரீயில் ஒரு தடவை பணம் கட்டினால் போதும். வாங்கியவர் அதே படத்தைத் திரும்பத் திரும்ப, எந்த நாட்டிலும், எத்தனை வருடமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஏஜென்சி எல்லாப் படத்துக்கும் பொதுவாக வைத்திருக்கும் வரம்புகள்தான் அங்கே வேலி. ஆகவே கட்டுப்பாடு என்ற பேச்சுக்கு முழு அர்த்தம் முதல் வகையில்தான். இரண்டாவது வகையில் எடிட்டோரியல் மட்டும் என்று நிறுத்திவைக்கலாம், அதற்கு மேல் நம் கையில் பெரிதாக எதுவும் இல்லை.

அந்த முதல் வகையே இப்போது தேய்ந்துகொண்டு வருகிறது. 2000இல் கனடாவின் கால்கரியில் ஐஸ்டாக்போட்டோ என்கிற இணைய ஏஜென்சி தொடங்கியது. 2003இல் ஷட்டர்ஸ்டாக் என்கிற இன்னொரு ஏஜென்சி வந்தது, சந்தா கட்டிப் படங்களை அள்ளிக்கொள்ளும் முறை பரவியது. 2006இல் ஐஸ்டாக்கை, பெரிய ஏஜென்சியான கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே கெட்டி 2019 கடைசியில், விளம்பரம் போன்ற வேலைகளுக்கான தன் படங்களில் ரைட்ஸ் மேனேஜ்டு முறையையே எடுத்துவிடுவதாக அறிவித்தது. 2020இல் ஷட்டர்ஸ்டாக் தன் கட்டண முறையை மாற்றியபோது, ஒரு டவுன்லோடுக்குப் படக்காரருக்குக் கிடைப்பது சில நேரம் 10 சென்ட் என்ற நிலைக்கு வந்தது. பத்து சென்ட்டுக்குப் போகிற படத்தைப் பற்றி "எந்த நாட்டில், எத்தனை பிரதி" என்று உட்கார்ந்து பேச எந்த ஏஜென்சிக்கு நேரம் இருக்கும்? விலை விழுந்ததும், கேள்வி கேட்கும் வழக்கமும் சேர்ந்தே விழுந்தது. எனக்கு இதில்தான் வருத்தம். காசு குறைந்ததைக்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம்.

செய்திப் படங்களில் பழைய வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெரிய செய்தி நிறுவனங்களின் கேப்ஷனைக் கடைசிவரை படித்தால் "சைனா அவுட்" என்றோ "நோ ரீசேல்ஸ், நோ ஆர்கைவ்ஸ்" என்றோ பெரிய எழுத்தில் ஒரு வரி நிற்கும். அந்தப் படத்தைச் சீனாவில் போடக்கூடாது, மறுவிற்பனை கூடாது, சேமிப்பில் வைத்துப் பின்னால் எடுத்துப் போடக்கூடாது என்று அர்த்தம். சின்ன வரிதான், ஆனால் எடிட்டர்கள் அதை மதிக்கிறார்கள். நம்மைப் போன்ற தனி ஆட்களுக்கு அந்த வரியின் இடத்தில் இருப்பது ஏஜென்சி பக்கத்தின் கட்டங்கள்தான்.

என் படங்களில் பாதிக்கு மேல் உப்பளத்துப் படங்கள். தூத்துக்குடிக்காரனுக்கு வேறென்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். உண்மையில் இதைவிட நல்ல இடம் ஒரு படக்காரனுக்குக் கிடைக்காது. முத்தையாபுரம் பக்கமோ வேப்பலோடை பக்கமோ விடிவதற்கு முன்னால் போய் நின்றால், பாத்திகளில் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், வானத்து நிறம் அப்படியே கீழேயும் இருக்கும். அந்த நேரத்துக்கே வேலை பாதி நடந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தும், அதனால் இருட்டிலேயே வந்துவிடுவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டைச் சுருட்டிய சும்மாடு, அதற்கு மேல் உப்புக் கூடை. வரப்பில் வரிசையாக நடந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். உள்ளங்காலில் உப்புத் தண்ணீர் அரித்த வெடிப்புகள் இருக்கும். கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் அந்தக் கால்கள்தான் முதலில் கண்ணில் படும்.

அங்கே ஒரு பெரியம்மாவின் படத்தை எடுத்தேன். கூடையை இறக்கிவிட்டு, சும்மாட்டுத் துண்டை உதறி முகத்தைத் துடைக்கும் நேரம். பக்கவாட்டில் வெயில், மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம். எடுத்ததைக் கேமரா திரையில் காட்டினேன். கிட்ட வாங்கிப் பார்த்தார், சிரித்தார். அப்புறம் கேட்டார்:

"எய்யா, இத எங்கன போடுவ?"

"பேப்பர், புஸ்தகம்னு கேக்கவங்களுக்குப் போவும் பெரியம்மா. வெளிநாட்டுலகூடக் கேப்பாங்க."

"பேப்பர்ல போட்டா போட்டுக்கோ. உப்பளத்துல வேல பாக்கோம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. பேனர்ல கீனர்ல போட்டுறாத. எம்மவளுக்கு மாப்ள பாக்கோம்."

எடிட்டோரியலுக்கும் கமர்ஷியலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஏஜென்சிகள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கின்றன. அந்த அம்மா இரண்டு வரியில் சொன்னதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லும் இடத்தில் என் முகம் வரலாம். எதையோ விற்பதற்கோ, நான் சொல்லாத ஒன்றை நான் சொன்ன மாதிரி காட்டுவதற்கோ என் முகம் வரக்கூடாது. அதுவும் நம் ஊரில் பேனர் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி விளம்பரத்தில் ஒரு முகம் வந்தால் அவருக்குத்தான் அந்த வியாதி என்று தெருவே பேசும். கட்சி பேனரில் வந்தால் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிடுவார். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அதெல்லாம் படும்.

இது ஏதோ நம் ஊர் நியாயம் என்று நினைக்க வேண்டாம். 2007இல் ஆஸ்திரேலியாவில் வர்ஜின் மொபைல் நிறுவனம் பஸ் நிறுத்தங்களில் விளம்பரம் வைத்தது. அதில் அமெரிக்காவின் டெக்சஸைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவியின் படம். சர்ச் நிகழ்ச்சி ஒன்றில் எடுத்தது. எடுத்தவர் அதை ஃப்ளிக்கர் என்கிற படப் பகிர்வுத் தளத்தில், தன் பெயரைப் போட்டுவிட்டு யாரும் வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டிருந்தார். விளம்பரக்காரர்கள் எடுத்து, உன் பேனா நண்பியைக் கழற்றிவிடு என்கிற அர்த்தத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டார்கள். படம் எடுத்தவரின் உரிமம் இடம் கொடுத்தது, சரி. படத்தில் இருக்கும் பெண்ணிடம் ஒருவரும் கேட்கவில்லை. குடும்பம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகார எல்லை இல்லை என்று 2009இல் வழக்கு தள்ளுபடியானது. படம் ஒரு நாட்டில், விளம்பரம் ஒரு நாட்டில் என்றால் அடிபட்டவர் எங்கே போய் நிற்பது?

இன்னொன்று இதைவிடக் கொடுமை. 2013இல் நியூயார்க் மாநில மனித உரிமைப் பிரிவு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் உரிமை உண்டு என்று பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். அதில் ஒரு பெண்ணின் படம், அவரே "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது" என்று சொல்வது போன்ற வாசகம். அந்தப் பெண்ணுக்கு அந்தத் தொற்றே கிடையாது. வேறு ஏதோ கட்டுரைக்காக எடுத்த படம் கெட்டி வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தன் படத்தை விற்கத் தான் எழுதிக் கொடுக்கவே இல்லை என்று அவர் வழக்குத் தொடுத்தார். இந்த வழக்கை நான் தம்பிகளுக்கு அடிக்கடி சொல்வேன். ஏனென்றால் இதில் படம் கேட்ட அரசு அலுவலகத்துக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. விற்ற ஏஜென்சிக்கும் இருந்திருக்காது. கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்ற ஒரே ஒரு கேள்விக்குத் தொடக்கத்திலேயே சரியான பதில் போயிருந்தால், மீதி எதுவுமே நடந்திருக்காது. அந்தப் பதிலைப் பதிகிறவர்கள் நாம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். நம் 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, நமக்காக நாம் எடுக்கும் படத்தின் உரிமை நமக்குத்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு நம் ஆயுளுக்கும் அதற்கு மேல் 60 வருடத்துக்கும் அது நிற்கும். அதே சட்டத்தில் இன்னொரு அழகான ஏற்பாடு உண்டு. லைசென்ஸ் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் சொல்லாமல் விட்டால் 5 வருடம்தான் என்றும், எந்த இடம் என்று சொல்லாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது பேசாமல் விட்டதெல்லாம் படைத்தவன் பக்கம். இது தெரிந்துதான் ஏஜென்சி ஒப்பந்தங்களில் உலகம் முழுவதும், என்றென்றைக்கும் என்று தெளிவாக எழுதிவிடுகிறார்கள். பல ஒப்பந்தங்கள் வேறு நாட்டுச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்தப் பிரிவு அங்கே நமக்குக் கைகொடுக்காமலும் போகலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை ஒரு தடவை தேடிப் படியுங்கள்.

ஆனால் இதெல்லாம் படம் எடுத்தவனின் உரிமை. படத்தில் இருக்கும் அந்தப் பெரியம்மாவுக்கு இந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அவருக்கான சட்டம் வேறு இடத்திலிருந்து வந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றி நக்கீரன் பத்திரிகை தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகத்தான் அந்தத் தீர்ப்பை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளேயே, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்தினால் அது அவருடைய தனியுரிமையை மீறுவது என்றும் சொல்லியிருக்கிறது. படக்காரர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வரி இது. சினிமா நட்சத்திரங்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் காப்பாற்ற நீதிமன்றம் போவதைப் பேப்பரில் படிக்கிறோம். உப்பளத்துக்காரர் எந்த வக்கீலிடம் போவார்? அவர் படம் எங்கே அச்சாகியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரிய வராது.

சரி, எடிட்டோரியல் மட்டும் என்று டிக் போட்டுவிட்டால் முடிந்ததா என்றால், முடியாது. செய்தியிலும் படம் இடம் மாறும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பையன்களின் படத்தைச் செயின் பறிப்புக் கட்டுரைக்கு மேலே வைத்து, மூலையில் 'கோப்புப் படம்' என்று பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். லைசென்ஸ்படி அது எடிட்டோரியல்தான். அதனால் கேப்ஷனை நான் இறுக்கமாக எழுதுகிறேன். "இந்தியப் பெண் தொழிலாளி" என்று பொதுவாக விடாமல், தூத்துக்குடி உப்பளம், இன்ன மாதம், வேலை முடிந்த நேரம், கூடையை இறக்கிவைத்த தொழிலாளி என்று எழுதுவேன். 'வறுமை', 'துயரம்', 'சுரண்டல்' என்று கீவேர்டு போடமாட்டேன். அப்படிப் போட்டால் விற்கும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அவர் துயரத்தில் இல்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேடும்போது எந்த வார்த்தைக்குப் படம் வருகிறதோ, அந்த வார்த்தையைத்தான் கட்டுரையும் அவர் மேல் ஒட்டும். கீவேர்டும் ஒரு கட்டுப்பாடுதான், அதற்கு யாரும் கட்டம் வைக்கவில்லை என்றாலும்.

கேப்ஷனில் எழுதுவதைக் கோப்புக்குள்ளேயும் எழுதுங்கள். ஐ.பி.டி.சி. என்கிற சர்வதேசப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு அமைப்பு வகுத்த மெட்டாடேட்டா இடங்கள், அதாவது படத்தைப் பற்றிய குறிப்புகளைக் கோப்பிலேயே பதிகிற இடங்கள், இருக்கின்றன. சிறப்புக் குறிப்புக்கு ஓர் இடம், பயன்பாட்டு நிபந்தனைக்கு ஓர் இடம், மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவரின் சம்மதக் கையெழுத்து, உண்டா இல்லையா என்பதற்கு ஓர் இடம். ஏஜென்சி பக்கத்தில் போட்ட டிக் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். மெட்டாடேட்டா படத்தோடு கூடவே போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது உதிர்ந்துவிடும் என்பது உண்மைதான், இருந்தாலும் படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒரு தடவை டெம்ப்ளேட் மாதிரி செய்துவைத்துவிட்டால் எல்லாப் படத்துக்கும் தானாக ஏறிவிடும். செலவில்லாத வேலை.

சொந்த உபயோகம் என்கிற கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். வீட்டுச் சுவரில் மாட்ட, பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க என்று சிலர் படம் வாங்குவார்கள். அவர்களுக்காகச் சில ஏஜென்சிகள் மிகக் குறைந்த விலையில் பெரிய சைஸ் கோப்பைக் கொடுக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், நாணயமாக வாங்கினால். மதுரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் எடுத்த தெப்பக்குளம் படம் அந்த விலைக்குப் போனது. கொஞ்ச நாளில் அதே படம் ஓர் ஓட்டலின் வரவேற்பறைச் சுவர் முழுக்க நின்றது. ஏஜென்சிக்கு எழுதினார். விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது, அதோடு சரி. வாங்கியவர் கட்டத்தில் என்ன தேர்ந்தெடுக்கிறாரோ அதுதான் விலை, பிறகு யாரும் வந்து பார்ப்பதில்லை. அதனால் அந்த வாசலை நான் எல்லாப் படங்களுக்கும் மூடிவிட்டேன், ஆளே இல்லாத படங்களுக்கும். உண்மையிலேயே வீட்டில் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், நானே நல்ல தாளில் பிரிண்ட் போட்டுத் தருகிறேன்.

இடங்களைப் பற்றிக் கொஞ்சம். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையையோ கட்டடத்தையோ படம் எடுப்பதை நம் காப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஏஜென்சிகள் அதோடு நிற்பதில்லை. மும்பையின் தாஜ் மஹால் பேலஸ் ஓட்டல் 2017இல் தன் கட்டடத்தின் தோற்றத்தையே டிரேட்மார்க்காகப் பதிந்தது. ஈஃபில் கோபுரத்தின் இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனி உரிமை கோருகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி தொல்லியல் துறையின் கீழ் இருக்கும் இடங்களில் எதை எடுக்கலாம், எதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று விதிகள் உண்டு. அனுமதி வேண்டிய இடத்தில் அதை வாங்கிவிட்டால், இதற்கெல்லாம் எடிட்டோரியல் டிக் போதும், மேலே யோசிக்க ஒன்றும் இல்லை. கட்டடம் வருத்தப்படாது.

எதையும் யோசிக்காமல் எல்லாக் கட்டத்திலும் டிக் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வீண். படம் வாங்குகிறவர்கள் தேடும்போதே கமர்ஷியலுக்குக் கிடைப்பதை மட்டும் காட்டு என்று வடிகட்டிவிடுவார்கள், உங்கள் படம் அவர்கள் கண்ணிலேயே படாது. வெறும் உப்பு அம்பாரம், பாத்தியில் விழுந்த வானம், காலையில் வந்து நிற்கும் பூநாரைக் கூட்டம் இதையெல்லாம் நான் ராயல்டி ஃப்ரீயில் திறந்தே விட்டிருக்கிறேன். மாதாமாதம் வரும் சின்னத் தொகை அதிலிருந்துதான் வருகிறது. முகம் இருக்கும் படம் ரைட்ஸ் மேனேஜ்டு, எடிட்டோரியல் மட்டும். குழந்தைகள் முகம் தெரியும் படத்தை ஏஜென்சிக்கே அனுப்புவதில்லை. என் வரிசை இவ்வளவுதான்.

கட்டுப்பாடு போட்டால் அந்தப் படத்தை விளம்பரத்துக்கு விற்கவே முடியாது என்று ஒரு பயம் இருக்கிறது. அப்படி இல்லை. கேட்டுவிட்டு வா என்று சொல்கிறோம், அவ்வளவுதான். பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒரு விளம்பர நிறுவனம் ஏஜென்சி வழியாகக் கேட்டது. உப்புப் பொட்டலம் சம்பந்தப்பட்ட வேலை, தொகையும் நல்ல தொகை. நேராக வேப்பலோடைக்குப் போனேன். மகளுக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது, மருமகன் எட்டயபுரம் பக்கம். ஆகவே இப்போது சரி என்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் யோசித்துவிட்டு, "மொகம் வேண்டாம்யா. கையி மட்டும்னா எடுத்துக்கோ" என்றார்.

அதைத்தான் செய்தோம். நிறுவனத்திடம் முகம் கிடையாது, கைகளைப் புதிதாக எடுத்துத் தருகிறேன் என்றேன், ஒத்துக்கொண்டார்கள். உப்பு வாரும் பலகையின் கழியைப் பிடித்த இரண்டு கைகள், நகக்கண்ணில் உப்பு, கண்ணாடி வளையல் ஒன்று. மாடல் ரிலீஸ் ஏஜென்சியின் ஆங்கிலப் படிவத்தில்தான் வேண்டும் என்றார்கள். அதன் பின்பக்கத்தில் அதே விஷயத்தைத் தமிழில் எழுதி, அம்பாரத்து நிழலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். "இந்தப் படத்தில் என் கைகள் மட்டும் தெரியும். உப்பு விளம்பரத்துக்கு மட்டும். இரண்டு வருடம். இந்தியாவுக்குள். எனக்கு வரும் பங்கு இவ்வளவு." பங்கு என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் கையெழுத்துப் போட்டார், கூட வேலை பார்ப்பவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பணம் வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏஜென்சியில் முகம் இருக்கும் அந்தப் பழைய படம் இன்னும் எடிட்டோரியல் மட்டும்தான்.

இப்போது புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. செயற்கை நுண்ணறிவைப் பழக்கப் படங்களை மொத்தமாகக் கொடுப்பது. ஷட்டர்ஸ்டாக் 2023இல் சாட்ஜிபிடி நிறுவனமான ஓப்பன்ஏஐயோடு ஆறு வருட ஒப்பந்தம் போட்டது. அதே 2023இல் கெட்டி, தன் படங்களை அனுமதியில்லாமல் எடுத்துப் பழக்கியதாக, படம் உருவாக்கும் மென்பொருளைச் செய்யும் ஸ்டெபிலிட்டி ஏஐ மேல் வழக்குத் தொடுத்தது. அந்த மென்பொருள் உருவாக்கிய சில படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க்கே சிதைந்து தெரிந்ததை எல்லோரும் பார்த்தோம். விற்கிறவர்களும் உண்டு, எதிர்த்து வழக்குப் போடுகிறவர்களும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும், படத்தில் இருப்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பெரியம்மா பேப்பருக்குச் சரி என்றார், பேனருக்கு வேண்டாம் என்றார். அவர் முகத்தின் சுருக்கங்களை ஒரு மென்பொருள் கற்றுக்கொண்டு, யாருக்கோ வேண்டிய 'ஏழை இந்தியப் பாட்டி'யைச் செய்துகொடுப்பதற்கு அவர் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சம்மதம் கேட்காத இடத்தில் சம்மதம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

இந்தக் கட்டம் மற்றக் கட்டங்களுக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. பல இடங்களில் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள், வேண்டாம் என்கிறவர்தான் தேடிப் போய் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் தனியாகச் சொல்ல வழியில்லை, கணக்கு மொத்தத்துக்கும் ஒரே சுவிட்ச். பழகி முடித்த மென்பொருளிலிருந்து ஒரு படத்தைத் திரும்பப் பிடுங்கவும் முடியாது. ஐ.பி.டி.சி. 2023இல் தன் தரநிர்ணயத்தில் டேட்டா மைனிங் (மென்பொருளைப் பழக்கப் படங்களை மொத்தமாக எடுப்பது போன்றவை) என்று ஓர் இடத்தைச் சேர்த்திருக்கிறது, அதில் தடை என்று இப்போதே நிரப்பிவிடுங்கள். உங்கள் கணக்கின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நான் படம் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றிலிருந்து போன வாரம் புது ஒப்பந்தம் வந்தது. அதில் "கணினி வழிப் பகுப்பாய்வு" என்று ஒரு வரி புதிதாக நுழைந்திருக்கிறது. எடிட்டோரியல் மட்டும் என்று கட்டுப்படுத்திய படங்களுக்கும் அந்த வரி பொருந்துமா, படம் வாரியாக விலக்கு உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. இந்தப் பருவத்தில் எடுத்த உப்பளப் படங்களை அதுவரை ஏற்றப்போவதில்லை. பதில் வந்ததும், என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது அதே வரி வந்திருந்தால், நீங்களும் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு ஆள் கேட்பதைவிட நாலு பேர் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.